ஜாஜி என்ற காளையும் இரண்டு தீர்ப்புகளும்

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: யாலா ஆற்றுக்கு இந்தப் பக்கத்து மேட்டில் வசிக்கும் மக்களாகிய நாங்கள், எவருடைய தூண்டுதலும் இன்றி, முழுச் சுயநினைவோடு, புசா கள் குடிக்கத் தொடங்குவதற்கு முன்பாகவே கூடி, லுகாலியாவின் செவலைக் காளைக்கு இன்று முதல் ‘தலைமை நீதிபதி’ என்று பெயர் சூட்டுகிறோம். கொம்பு உள்ளவரை இப்பெயர் நிலைக்கும். இதை மாற்றும் அதிகாரம் எந்த அதிகாரத்துக்கும் இல்லை.

அறிக்கையை எழுதியவர் இங்கோசி. ஒலிபெருக்கியில் வாசித்தவன் நான். ‘கொம்பு உள்ளவரை’ என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் நடுங்கவிடும்படி கேட்டுக்கொண்டார். விட்டேன். வாடகையில் அதுவும் சேர்த்தி.

ஒலிபெருக்கியும் பிளாஸ்டிக் நாற்காலியும் வாடகைக்கு விடுவது என் தொழில். சாவு, கல்யாணம், கட்சிக் கூட்டம், சனிக்கிழமைக் காளைச் சண்டை எல்லாவற்றுக்கும் போவேன். ஆற்றுக்கு இந்தப் பக்கமும் போவேன், அந்தப் பக்கமும் போவேன். எங்கே போனாலும் ஜனங்கள் பேசுவதில் பெரிய வேறுபாடு இருக்காது. சாவு வீட்டில் சொல்லும் பொய்க்கு மட்டும் ஒரு காரணம் இருக்கும். என்னை எல்லோரும் ஸ்பீக்கர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இங்கோசியை வக்கீல் என்று கூப்பிடுகிறார்கள். காகமேகா நீதிமன்றத்தில் பல வருடம் வேலை பார்த்தவர். நீதிபதியின் காரை ஓட்டினார். சட்டம் முழுவதையும் பின்பக்கக் கண்ணாடி வழியாகக் கற்றுக்கொண்டதால் அவருக்கு எல்லாமே கொஞ்சம் இடம் வலம் மாறித்தான் தெரியும்.

பெயர் சூட்டியதற்கு முன்தினம் நடந்தது இது. ஆகஸ்டில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஜனங்களின் ஆள் ஜெயித்துவிட்டதாகத் தேர்தல் கமிஷன் சொல்லிற்று. எங்கள் மேடு முழுக்க நம் ஆளுக்குத்தான் ஓட்டுப் போட்டிருந்தது. ஆகையால் தேர்தல் திருடப்பட்டுவிட்டது என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. நைரோபியில் வழக்குப் போட்டார்கள். அந்தக் காலையில் லுகாலியாவின் மனைவி மினாயோவின் டீக்கடை முன்னால் மேடே கூடியிருந்தது. உள்ளே அவளுடைய ரேடியோ கரகரத்தது. தலைமை நீதிபதி தூங்க வைக்கும் குரலில் எதையோ வாசித்துக்கொண்டே போனார்.

“என்னங்கடா சொன்னாரு?”

“செல்லாதுன்னாரு!”

“எது செல்லாது? நம்ம ஓட்டா?”

“தேர்தலே செல்லாதுடா, மண்டாசி மண்டையா!”

அதன்பிறகு ஒரு சத்தம் எழும்பியது. மினாயோவின் மண்டாசிப் பலகாரத் தட்டு கவிழ்ந்தது, இரண்டு கிழவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள், கோழிகள் புதருக்குள் ஓடின. இங்கோசி நாற்காலி மேல் ஏறி நின்றார். என் நாற்காலி. “நான் அப்பவே சொல்லல? அந்த மனுஷன் முகத்தப் பாத்தாலே தெரியும், விலைக்கு வாங்க முடியாத முகம். சட்டம்னா அது! நீதிமன்றம் சொல்லிட்டா அதோட முடிஞ்சுது. தலைவணங்கி ஏத்துக்கணும். ஏத்துக்காதவன் காட்டுமிராண்டி!”

ஆற்றுக்கு அந்தப் பக்கம் அன்று மாலை ஒரு புகை எழுந்தது. நீதிபதியின் படத்தைக் கொளுத்துகிறார்கள் என்றார்கள். அடுத்த நாள் காலை ஒரு சாவுக்கு நாற்காலி கொண்டுபோனபோது நானே காதால் கேட்டேன். நீதிபதி வெளிநாட்டுப் பணம் வாங்கிவிட்டார். அவருடைய மச்சானுக்கு நிலம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஓட்டுப் போட்ட கோடிக்கணக்கான ஜனங்களைவிட கறுப்பு அங்கி போட்ட நாலு பேர் பெரியவர்களா? பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். பிணம் எந்தக் கட்சி என்று எனக்குத் தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் லுகாலியாவின் காளை பெயர் சூட்டும் வயதுக்கு வந்தது.

எங்கள் பக்கத்தில் காளைக்குப் பிறந்தவுடன் பெயர் வைப்பதில்லை. சண்டைக்கு விடலாம் என்று முடிவான நாளில்தான் வைப்போம். வைத்த பிறகு அது வெறும் பெயர் அல்ல, பாதி பலமே அதுதான். களத்தில் இசுகுட்டி மேளம் அந்தப் பெயருக்குத்தான் அடிக்கும், பாட்டு அந்தப் பெயரைத்தான் பாடும். கூட்டத்தின் வாயிலிருந்து தன் பெயரைக் கேட்டால்தான் காளை தலையைத் தாழ்த்தும். சொந்தக்காரன் மட்டும் வாய் திறக்கக் கூடாது. பல்லிடுக்கில் ஒரு பச்சை இலையைக் கடித்தபடி நிற்க வேண்டும். இலை விழுந்தால் அதிர்ஷ்டம் விழுந்தது.

தோல்விக்கும் ஒரே ஒரு விதிதான். எந்தக் காளை முதலில் முதுகைக் காட்டுகிறதோ அது தோற்றது. சொந்த மேட்டில் தோற்ற காளை வீடு திரும்பக் கூடாது. அன்றைக்கே வெட்டி, வந்தவர்களுக்கெல்லாம் கறி.

லுகாலியா கரும்பு வெட்டுகிறவன். அரசியல் பேசமாட்டான். ஏனென்றால் எதுவுமே பேசமாட்டான். காளையின் தாய் ஈன்ற வாரத்திலேயே பாம்பு கடித்துச் செத்துப்போனது. கன்றைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவன் அவன்தான். “எங்க கசாண்டி பொறந்தப்ப ஒரு ராத்திரி முழிச்சதில்ல இந்த மனுஷன். மாட்டுக் கொட்டகையில படுத்துக் கெடந்தாரு. நான் ரெண்டாவது பொண்டாட்டி, தெரியுமா ஸ்பீக்கர்?” என்பாள் மினாயோ.

‘தலைமை நீதிபதி’ என்பது கூப்பிட நீளம். எங்கள் பேச்சில் நீதிபதிக்கு ஜாஜி, அதனால் ஜாஜி என்றானது. அடுத்த மூன்று மாதமும் ஜாஜிக்கு ராஜ வாழ்க்கை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் கரும்புத் தோகை கொடுத்தார்கள். சர்ச்சுக்குப் போகும் பெண்கள் வாழைப்பழம் கொடுத்தார்கள். இங்கோசி தினமும் வேலி ஓரம் நின்று, “வணக்கம் கனம் ஜாஜி அவர்களே” என்று தொப்பியைக் கழற்றி, உப்புக்கட்டி நீட்டுவார். ஜாஜி என்று யார் கூப்பிட்டாலும் கையில் தின்ன ஏதோ இருக்கிறது என்பதைக் காளை வெகு சீக்கிரம் புரிந்துகொண்டது. நீதிபதியைப் பற்றி எங்கள் மேட்டில் யாரும் இவ்வளவு தெளிவாக எதையும் புரிந்துகொண்டதில்லை.

ஆற்றில் மட்டும் தொல்லை. தண்ணீருக்கு ஓட்டிப் போனால் அக்கரையிலிருந்து மண்ணாங்கட்டி பறந்து வரும்.

“லஞ்சம் வாங்குன மாடுடோய்!”

“அது தண்ணி குடிக்க வந்திருக்குங்க,” என்பான் லுகாலியா.

“யாரு காசுல குடிக்குதுன்னு கேளு!”

மறுதேர்தல் வந்தது. மறுபடியும் அவர்களுடைய ஆள்தான். எங்கள் தலைவர்கள் மறுபடியும் வழக்குப் போட்டார்கள். இங்கோசிக்குக் கவலையே இல்லை. அதே நீதிமன்றம், அதே ஜாஜி. தீர்ப்பு திங்கட்கிழமை. அந்த வாரச் சனிக்கிழமை வருடக் கடைசியின் பெரிய சண்டை. எங்கள் மேட்டுக் களத்தில், ஜாஜிக்கும் அக்கரை ஷிகாங்காவின் கருங்காளைக்கும். அதன் பெயர் டிரான்ஸ்ஃபார்மர். அவர்களுடைய எம்.பி. ஊருக்கு ஒரு மின்மாற்றி கொண்டுவந்து கம்பத்தில் ஏற்றிய அன்று வைத்த பெயர். மின்சாரம் இன்னும் வரவில்லை. காளையாவது முட்டிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை கொண்டாட்டத்துக்கென்று இங்கோசி முன்கூட்டியே என்னிடம் நாற்காலி எடுத்திருந்தார். எல்லாம் நிரம்பியிருந்தன. ரேடியோவில் அதே தூக்கக் குரல். மனு தள்ளுபடி. தேர்தல் செல்லும்.

ஒருவன் ரேடியோவைக் கையால் தட்டிப் பார்த்தான், அது ஏதோ தவறாகச் சொல்லிவிட்டது போல.

“டீ ஆறுது,” என்றாள் மினாயோ.

இங்கோசி மெதுவாக எழுந்தார். இந்த முறை நாற்காலி மேல் ஏறவில்லை. “இந்த ஆள நான் ஆரம்பத்துலேர்ந்தே நம்பல,” என்றார்.

“நீங்கதான வக்கீலண்ணே மாட்டுக்கே பேரு வெச்சீங்க?” என்றேன்.

“அது அப்ப இருந்த ஜாஜிக்கு. இது வேற.”

“ஒரே ஆளுதானே?”

“ஆளு ஒண்ணுதான்யா. வெல வேற.”

அவ்வளவுதான், அணை உடைந்தது. வெளிநாட்டுப் பணம். மச்சானுக்கு நிலம். கோடிக்கணக்கான ஜனங்களைவிட அங்கி போட்ட நாலு பேர் பெரியவர்களா? செப்டம்பரில் அக்கரையில் கேட்ட வசனங்கள், ஒரு சொல் தேயாமல் வந்து சேர்ந்திருந்தன. என் நாற்காலிகள்கூட ஆற்றைக் கடந்து போய்த் திரும்பும்போது ஒன்றிரண்டு உடைந்து வரும்.

அதேசமயம் அக்கரையிலிருந்து விசில் சத்தம். கயேகா சந்தைக்குப் போகும் சாலையில் ஊர்வலம் வந்தார்கள். ஒரு கம்பில் நீதிபதியின் படம். அதன் ஒரு மூலை கருகியிருந்தது. கொளுத்தியதைப் பாதியில் அணைத்து எவனோ பத்திரமாக வைத்திருக்கிறான். எங்கள் மாவட்டத்தில் தொலைநோக்கு உள்ள ஒரே மனிதன் அவன்தான்.

“நீதிமன்றம் சொல்லிட்டா முடிஞ்சுது!” என்று கத்திக்கொண்டே போனார்கள். “தலைவணங்கி ஏத்துக்கணும்! ஏத்துக்காதவன் காட்டுமிராண்டி!”

“பாத்தியா திமிர?” என்று இங்கோசி பல்லைக் கடித்தார். தன் வசனத்தை அவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

அன்று மாலையே கூட்டம் போட்டார்கள். லுகாலியாவைக் கூப்பிட்டு என் நாற்காலி ஒன்றில் உட்கார வைத்தார்கள். அவன் நுனியில் உட்கார்ந்தான்.

“தீர்மானம் ஏகமனதா நிறைவேறியிருக்கு,” என்றார் இங்கோசி. “அந்தத் துரோகியோட பேரு இந்த மேட்டுல இனிமே ஒலிக்கக் கூடாது. மாட்டுக்குப் புதுப் பேரு: மக்கள் சக்தி.”

“கொம்பு உள்ளவரைன்னு சொன்னீங்களேண்ணே,” என்றேன்.

“சொன்னது வேற சூழ்நிலையில.”

“அதுக்கு வேற பேரு தெரியாதுண்ணே,” என்றான் லுகாலியா.

“பழக்கு.”

“சனிக்கெழம சண்டை.”

“ஒரு நாட்டுக்கே மறுதேர்தல் வெச்சு முடிச்சுட்டானுங்க. ஒரு மாட்டுக்குப் பேரு மாத்த முடியாதா உன்னால?”

மினாயோ கடையிலிருந்தே கத்தினாள். “அப்ப சண்டையத் தள்ளி வைங்க! பேரு தெரியாம போயி நின்னா என்னாகும் அது? தோத்தா வெட்டிப்புடுவீங்கல்ல?”

“தள்ளி வெக்கிறதுக்குக் காளைக் கமிட்டி விதியில எடம் இல்ல, கசாண்டி அம்மா. வராத மாடு ஓடின மாடு. வெட்டுதான்.”

“விதியாம் விதி. ரேடியோவுல சொன்னா விதி இல்ல, உங்க வாயால சொன்னா விதி.”

“பொம்பளைங்களுக்குச் சட்ட நுணுக்கம் புரியாது.”

“உங்களுக்கு டீ கெடையாது இனிமே. அது புரியுதா?”

இன்னொரு தீர்மானமும் போட்டார்கள். சனிக்கிழமைவரை மேட்டில் யாராவது ‘ஜாஜி’ என்று உச்சரித்தால் அபராதம் ஒரு கோழி.

அடுத்த சில நாட்கள் கரும்புத் தோட்ட ஓரமாகப் போனவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். கையில் தோகையோடு நின்று, வாழ்நாளில் குரல் உயர்த்தியிராத லுகாலியா, “மக்கள் சக்தி! ஏ, மக்கள் சக்தி!” என்று கூவிக்கொண்டிருப்பான். காளை அசைபோடும். அவனுக்குப் பின்னால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று எட்டிப் பார்க்கும். தோகையைக் கொடுத்தால் தின்னும். அது மரியாதைக்கு.

புதன்கிழமை நான் அங்கே நின்றிருந்தபோது மினாயோ தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். காளை வழியை மறித்து நின்றது. “நவுரு ஜாஜி,” என்றாள். காளை காதை விடைத்துத் திரும்பி, ஒதுங்கி, அவள் பின்னாலேயே நடந்தது.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். “ஒரு கோழி போச்சு,” என்றாள்.

லுகாலியா வேலி மேல் சாய்ந்தான். “ஸ்பீக்கரண்ணே, ஒரு ஒதவி.”

“சொல்லு.”

“சனிக்கெழம மைக்கு உங்க கையிலதான இருக்கும். மாடு உள்ள வந்ததும் ஒரே ஒரு தடவ, பழைய பேரச் சொல்லிடுங்க. மைக்குல கேட்டாப் போதும். தலையத் தாழ்த்திரும். அப்புறம் அது பாத்துக்கும். டிரான்ஸ்ஃபார்மர விட இது பலம்ணே. எனக்குத் தெரியும். பயம்னா என்னான்னு தெரியாது இதுக்கு.”

“கோழி?”

“நான் தரேன்.”

“உன் கோழி வேணாம். எங்கிட்டயே இருக்கு,” என்றேன்.

சனிக்கிழமை விடிந்தபோது களத்தில் பனிமூட்டம். இரண்டு கரையும் வந்திருந்தது. களத்தைச் சுற்றிக் கயிறு கட்டி அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். எல்லோர் கையிலும் கரும்பு. சண்டை பார்க்க வந்தால் கரும்பு கடித்துத் துப்பாமல் எங்கள் ஜனங்களால் நிற்க முடியாது. ம்ஸே, அதாவது பெரியவர், அம்பெட்சா தலைமையில் காளைக் கமிட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. அம்பெட்சா கிழவருக்கு எந்தக் கட்சியும் கிடையாது. முட்டிவலி மட்டும் உண்டு.

நான் மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தேன். இங்கோசி வந்து கையை நீட்டினார்.

“குடு.”

“எதுக்கு?”

“அறிவிப்பாளர் நடுநிலையா இருக்கணும். நீ ரெண்டு கட்சிக் கூட்டத்துக்கும் ஸ்பீக்கர் கட்டியிருக்க.”

“அதுக்குப் பேருதான் நடுநிலைண்ணே.”

“இல்ல. அதுக்குப் பேரு ரெண்டு பக்கமும் பாரபட்சம். கமிட்டி எங்கிட்ட ஒப்படைச்சிருக்கு.”

அம்பெட்சாவைப் பார்த்தேன். கிழவர் முட்டியைத் தடவிக்கொண்டே, “குடுத்துத் தொலைப்பா, காலையிலேர்ந்து என் காதுல பேசிட்டிருக்கான்,” என்றார். என்னைக் களத்தின் மூலையில் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ள அனுப்பினார்கள். ஒயர் என்னுடையது, பெட்டி என்னுடையது, வாய் மட்டும் இங்கோசியுடையது. அந்த ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றால் நான் பேசுவது எனக்கே கேட்காது.

டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. மேளம் முழங்க, மண்ணைக் கிளறி, கொம்பில் ஒரு புதரைக் குத்திக்கொண்டு வந்தது. எதிர்ப்புறத்திலிருந்து லுகாலியா, பல்லில் இலையோடு, ஜாஜியைக் கூட்டி வந்து நடுவில் விட்டுவிட்டுக் கயிற்றுக்கு வெளியே போய் நின்றான். காளை பளபளத்தது. ராத்திரியெல்லாம் தேய்த்திருப்பான் போல. என்னைப் பார்த்தான். நான் ஜெனரேட்டரைக் காட்டினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

எங்கள் மேளக்காரர்களுக்குப் பழைய பாட்டுக்குத் தடை. புதுப் பெயர் தாளத்தில் உட்காரவில்லை. சும்மா அடித்தார்கள். மைக்கில் இங்கோசி, “வருகிறது! வருகிறது! வஞ்சிக்கப்பட்ட மக்களின்…” என்று ஆரம்பித்தார். மேடே கத்தியது: “மக்கள் சக்தி! மக்கள் சக்தி!”

காளை சுற்றிப் பார்த்தது. யாரையோ கூப்பிடுகிறார்கள். வரட்டும் என்று நின்றது. டிரான்ஸ்ஃபார்மர் தலையைத் தாழ்த்தி, மூச்சை ஊதி, ஓர் அடி முன்னால் வைத்தது.

அப்போதுதான் அக்கரைக் கூட்டத்துக்கு அந்த யோசனை வந்தது. காளைக்காக அல்ல. காளையைப் பற்றி அவர்களும் நினைக்கவில்லை. எங்கள் வயிற்றெரிச்சலைக் கிளப்ப வேண்டும், அவ்வளவுதான். கருகிய படத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். கரும்பைக் கொடி மாதிரி ஆட்டினார்கள். ஒரே குரலில் பாடினார்கள்:

“ஜாஜி! ஜாஜி! எங்க ஜாஜி! தீர்ப்பு சொன்ன தங்க ஜாஜி!”

காளையின் காது எழுந்தது. எத்தனை நாள் கழித்துக் கேட்கிறது! அதுவும் எத்தனை வாய், எத்தனை கரும்பு! டிரான்ஸ்ஃபார்மருக்கு முழு முதுகையும் காட்டித் திரும்பி, வாலை வீசிக்கொண்டு, அக்கரைக் கூட்டத்தை நோக்கி நடந்தது. டிரான்ஸ்ஃபார்மர் நின்றுவிட்டது. சண்டைக்கு வந்த இடத்தில் இப்படி ஒரு காட்சியை அது எதிர்பார்க்கவில்லை.

லுகாலியா இலையைத் துப்பினான். “ஜாஜி!” என்று கத்தினான். “திரும்புடா! ஜாஜி! அங்க இல்லடா!”

காளை திரும்பத்தான் திரும்பியது. அவன் குரல் கேட்டதும் துள்ளி ஓடி வந்தது. கயிற்றைத் தாண்டி, களத்தை விட்டே வெளியே வந்து, அவன் சட்டைப் பையை மோந்து பார்த்தது.

அம்பெட்சா விசில் ஊதினார்.

பிறகு வாதம். இங்கோசி மைக்கை விடவில்லை. “கனம் கமிட்டியார் அவர்களே! திங்கக்கெழமைலேர்ந்து ஜாஜின்னு ஒரு மாடே கெடையாது. இல்லாத மாட்ட எதிர்க்கட்சி கூப்பிட்டிருக்கு. இது அப்பட்டமான மோசடி. முடிவ ரத்து பண்ணணும்! மறுசண்டை வெக்கணும்!”

அக்கரைக்காரர்கள் சிரித்தார்கள். “தீர்ப்ப ஏத்துக்கிட்டு வீட்டுக்குப் போய் வேலையப் பாருங்கப்பா!”

அப்போது யாரும் எதிர்பாராத ஒருவன் எழுந்தான். டிரான்ஸ்ஃபார்மரின் சொந்தக்காரன் ஷிகாங்கா. “ம்ஸே, இது ஜெயிப்பே இல்ல. என் மாடு ஒரு முட்டுகூட முட்டல. லுகாலியா மாட்டுக்கு அது பேரச் சொல்லி விடுங்க. மறுபடி பாப்போம்.”

“டேய் ஷிகாங்கா!” அவனுடைய ஆட்களே பாய்ந்தார்கள். “நீ எந்தக் கட்சிடா? காசு வாங்கிட்டியா?”

“மறுசண்டை!” என்று எங்கள் பக்கம் ஆரவாரித்தது.

“சரி,” என்றார் அம்பெட்சா. “மறுசண்டைன்னா பழைய பேரச் சொல்லித்தான் கூப்பிடணும். இல்லேன்னா மறுபடி இதேதான். நீங்க சொல்வீங்களா, ஜாஜின்னு?”

ஆரவாரம் நின்றது. எங்கள் ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லுகாலியா ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். நான் ஜெனரேட்டரை அணைத்துவிட்டுக் கையைத் தூக்கி, “நான் சொல்றேன்!” என்று கத்தினேன். என் கை மட்டும் நின்றது.

இங்கோசியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மைக் செத்துப்போனதுகூடத் தெரியாமல் அதில் பேசினார். “பாத்தீங்களா! எல்லாரும் பாத்தீங்கள்ல! நேரா அவனுங்ககிட்ட போச்சு! அந்தப் பேரு வெச்சா மாடுகூட வெல போயிடும்! நான் சொன்னது நிரூபணம் ஆயிடுச்சு! இந்தத் துரோகி மாட்ட வெச்சு மறுசண்டையா? வெட்டு!”

“வெட்டு!” என்றது எங்கள் மேடு, மனநிறைவோடு.

“மாட்டுக்கே தெரிஞ்சிருக்கு யாரு ஜெயிச்சாங்கன்னு!” என்றது அக்கரை. அதுவும் மனநிறைவோடுதான்.

ஆகஸ்டிலிருந்து இரண்டு கரையும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

லுகாலியா அம்பெட்சாவின் முன்னால் போய் நின்றான். காளையும் பின்னால் போய் நின்றது. “ம்ஸே, அது பயந்து ஓடல. கூப்பிட்டாங்க, போச்சு.”

“தெரியும்பா.”

“தெரிஞ்சுமா?”

கிழவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “ஏன் திரும்பிச்சுன்னு விதி கேக்கல, லுகாலியா. திரும்பிச்சான்னு மட்டுந்தான் கேக்குது. நான் மாத்திச் சொன்னா நாளைக்கு ரெண்டு கரைக்காரனும் என் வீட்டக் கொளுத்துவான். மாத்தாம சொன்னா ஒரு கரைதான்.” இரண்டு கூட்டத்தையும் பார்த்து, “இப்ப அதுவும் இல்ல போலருக்கு,” என்றார்.

கசாப்புக்காரன் வந்தான். நாலு இளைஞர்கள் கயிறு போட்டு இழுத்தார்கள். காளை காலை ஊன்றிக்கொண்டது. “வா மக்கள் சக்தி, வா, வா,” என்று கெஞ்சிப் பார்த்தார்கள். அசையவில்லை. கசாப்புக்காரனுக்கு அரசியலுக்கு நேரமில்லை. கீழே கிடந்த ஒரு கரும்புத் துண்டை எடுத்து நீட்டி, “ஜாஜி, வாடா,” என்றான். அது அவன் பின்னாலேயே போனது.

அவனிடம் யாரும் கோழி கேட்கவில்லை.

லுகாலியா வீட்டுக்குப் போகவில்லை. வெட்டாத கரும்புக்குள் இறங்கிப் போனான். மினாயோ கடையைச் சாத்தினாள். சனிக்கிழமையில் அந்தக் கடை சாத்தி நான் பார்த்ததில்லை.

மதியம் களத்தின் நடுவில் பெரிய பானை. வழக்கப்படி ஒரு தொடை அந்தக் கரைக்கு, ஒரு தொடை இந்தக் கரைக்கு. மாதக்கணக்கில் முகம் பார்க்காதவர்கள் ஒரே உகாலிக் களியைக் கிள்ளி ஒரே சாற்றில் தொட்டார்கள். நீதிபதியின் படத்தை மடித்து எவனோ அடுப்பை விசிறிக்கொண்டிருந்தான். நான் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தேன். இங்கோசி ஒன்றை மட்டும் திரும்ப வாங்கி, விரித்துப் போட்டு, அதன் மேல் ஏறினார். ஒரு கையில் எலும்போடு ஒட்டிய துண்டு. கூட்டம் அமைதியானது.

“பெரியோர்களே, தாய்மார்களே, இருகரைச் சகோதரர்களே! இன்று இந்த மண்ணில் சட்டத்தின் ஆட்சி நிலைநாட்டப்பட்டிருக்கிறது. நம் சந்ததிகள் இந்த நாளை…”

துண்டைக் கடித்தார். மென்றார். சந்ததிகள் காத்திருந்தார்கள். இன்னும் மென்றார்.

கறி வேகவில்லை.